முக்கால் லிட்டர்

எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு
எல்லாம் அந்தக் கணக்கில்தான்.
பெட்டிக்கு முக்கால் லிட்டர்.
ஊற்றுமுன் அளந்தேன்.
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மே மாதக் காரைக்குடி.
கழனிவாசலில் மாடி அறை.
பந்தை வாங்கிக் கோலை நோக்கி ஓடும்போதெல்லாம்
பெட்டி அலறும்,
மிக்சியில் கல் விழுந்த மாதிரி.
எண்பதாவது நிமிடத்தில் ஒருநாள் தானே அணைந்தது.
சூடாகிவிட்டதாம், சற்றுப் பொறுத்து வரவும் என்று
திரையில் மரியாதையாக எழுதிவிட்டு.
மூன்றுக்கு ஒன்று,
நான் முன்னிலையில் இருந்த ஆட்டம்.

அன்றிரவே மூடியைக் கழற்றினேன்.
புழுதி, பூனை மயிர், ஒரு பல்லி முட்டை ஓடு.
பொருக்குத் தட்டிய பசையைச் சுரண்டித்
துடைத்தால் சிப்பின் முகம்,
கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது.
இதற்கா இத்தனை கூச்சல்?

ரேடியேட்டர் பீர் முகமது கொடுத்தான்,
விழுந்து நொறுங்கிய பைக்கில்
நொறுங்காமல் மிஞ்சியது.
செம்புக் கட்டையை வைரவன் கடைந்தான்,
புதுவயல் ரைஸ் மில் பட்டறையில்.
தவிட்டு வாசனையோடு வந்து சேர்ந்தது.
"செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில இருந்தா
ஒண்ண ஒண்ணு தின்னுரும்டா,
பச்சைக் கூலண்ட் கலந்துக்க,
வாயை மூடிக்கிட்டு இருக்கும்" என்றான் பீர்.

குழாய் விஷயத்தில் மட்டும்
யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம்,
என் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருவதைப்
படுத்தபடி பார்க்கிறவன்.
எங்கே மடங்கும், எங்கே இழுபடும்,
குமிழி எந்த வளைவில் போய் ஒளியும்
தெரியும்.

இருந்தாலும் ஜெனிட்டாவிடம் கேட்டேன்.
ஊசியைச் செருகிக்கொண்டே சொன்னாள்:
"காத்து மேலதான் போகும்.
தொட்டி எல்லாத்துக்கும் மேல இருக்கட்டும்."
பிறகு எடைச் சீட்டைப் பார்த்து முறைத்தாள்.
"ரெண்டே முக்கால் கிலோ கூட வந்திருக்கீங்க."
தர்பூசணி, என்றேன்.
கணக்கில் அதை எழுதியிருக்கவில்லை.

சம்பை ஊற்றுத் தண்ணீர் இனிக்கும்.
பெட்டிக்கு அது ஆகாது, உப்புப் படியும்.
எனக்கும் அரை டம்ளருக்கு மேல் ஆகாது.
பேட்டரிக் கடையில்
எந்த ருசியும் இல்லாத தண்ணீர் ஒரு கேன் வாங்கினேன்.

மின்சாரம் கொடுக்காமல்
பம்பை மட்டும் தனியாக ஓடவிட்டேன்.
ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர்.
பெட்டியைத் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்த்து,
வடிகட்டியை ஜெனிட்டா தட்டுவதுபோல்
இரண்டு விரலால் தட்டத் தட்டக்
குமிழிகள் மேலேறித் தொட்டியில் உடைந்தன.
இனி விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்குத் தாகத்தில் விழித்தேன்.
ஒரு ஐஸ் கட்டியை எடுத்துச் சப்பிக்கொண்டே
டார்ச் அடித்தால்
இடப்பக்க மூட்டுக்கடியில் பேப்பர் நனைந்திருக்கிறது.
நெஞ்சு ஒருமுறை நின்றது.
அத்தனையும் பிரிக்க வேண்டும்.
குனிந்து பார்த்தேன். பச்சை இல்லை.
நிறமே இல்லை.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு விழுந்தது,
என் விரலிடுக்கில் கரைந்துகொண்டிருந்த ஐஸிலிருந்து.

மறுநாள் இரவு ஆடினேன்.
தொண்ணூறு நிமிடமும்
பெட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.
அறுபத்தொரு டிகிரி.
நான்குக்குப் பூஜ்யம் தோற்றேன்.
இனிமேல் சொல்லச் சாக்கும் கிடையாது.

திரையை அணைத்தபின்
குழாயில் விரல் வைத்துப் பார்த்தேன்.
மெல்லிய விர்ர்.
தினமும் பார்க்கிற பழக்கத்தில்
இடது மணிக்கட்டுக்கு மேல், தையல் தழும்பருகே
அதே விரலை வைத்தேன்.
அங்கும்.

டம்ளரில் இன்னும் நாற்பது மில்லி பாக்கி.
பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிடம்.
மடக்கென்று குடிக்கவில்லை.